பத்து நாள்ல போன் வரலேன்னா

ஏம்மா, அந்தப் பையில இருக்கிறது லேப்டாப்பா? கம்ப்யூட்டர் வேலையா பாக்குற? அப்ப உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து உக்காரு. மெதுவாத்தான் பேசுவேன். முன்னாடி மூணாவது சீட்ல, ஜன்னலோரமா, அரக்குச் சேலை கட்டிக்கிட்டு ஒரு அக்கா உக்காந்திருக்காங்க பாரு. மடியில மஞ்சப்பை. ஆமா, அவங்கதான். அவங்க காதுல இது விழக் கூடாது.

என்னைத் தன் பக்கத்துல உக்காரச் சொல்லி துண்டு போட்டு இடம் பிடிச்சாங்க. என்னாலதான் முடியல. தலை சுத்துதுக்கா, படிக்கட்டுப் பக்கம் காத்து வரும்னு சொல்லிட்டு இங்க வந்துட்டேன். தலையெல்லாம் சுத்தல. பயம்.

கேக்கணும்னு சொன்னேனே, அது இதுதான். இந்த ஃபைலெல்லாம் மேல ஏத்தி வைக்கிறோமே, கிளவுடுன்னு, அதுல ஃபோல்டர் மேல பச்சை டிக் விழுந்தா என்ன அர்த்தம்? போயிடுச்சுன்னுதானே அர்த்தம்? நீ படிச்ச பிள்ளை, நீயே சொல்லு. பச்சைன்னா சரி, டிக்குன்னா சரி. ரெண்டும் சேந்து இருந்தா ரெண்டு மடங்கு சரி. அதை நம்பினது என் தப்பா?

இரு, இரு, பதில் அப்புறம் சொல்லு. முதல்ல நான் யாருன்னு சொல்லிடுறேன், இல்லேன்னா உனக்கு ஒண்ணும் புரியாது.

என் பேரு தவமணி. மதுரையில ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே டெக்னீஷியன். பதினாலு வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷமா வேன்ல போறேன். பொம்பளைங்களுக்கு மார்புல கட்டி இருக்கான்னு படம் எடுக்கிற வேன். ஊர் ஊராப் போவோம். மெஷினை வேன்லயே மாட்டியிருக்கு. ஆளுக்கு நாலு படம். எடுக்கிறது மட்டும்தான் என் வேலை. பாத்து சொல்றது டாக்டர் ஹெப்சிபா மேடம். அவங்க கோயம்புத்தூர்ல இருக்காங்க. நான் எடுக்கிற படம் மெஷின்ல இருந்து லேப்டாப்புக்கு வரும், லேப்டாப்புல ஒரு ஃபோல்டர், அது தானா கிளவுடுக்கு ஏறும், அங்க இருந்து மேடம் எடுத்துப் பாப்பாங்க. அவ்வளவுதான். எந்தப் பெண்ணுக்காவது சந்தேகம்னா அவங்க பேரை அனுப்புவாங்க. நாங்க போன் பண்ணி, வாங்கன்னு கூப்பிடுவோம்.

எனக்கு அந்த அடையாளமெல்லாம் அத்துப்படி. நீலக் கலர்ல மேகம் இருந்தா மேல இருக்கு, இங்க இல்ல. ரெண்டு அம்பு ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டுச் சுத்துனா, போயிக்கிட்டு இருக்கு. பச்சை டிக்குன்னா இங்கயும் இருக்கு, அங்கயும் இருக்கு. ட்ரெயினிங்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நான் நோட்டுல படம் வரைஞ்சு வெச்சிருக்கேன். சாயங்காலம் டிக்கைப் பாத்தா லேப்டாப்பை மூட வேண்டியது, கிளம்ப வேண்டியது.

ஆரம்பத்துல படம் எடுத்த எல்லாருக்கும் போன் பண்ணணும்னு வெச்சிருந்தாங்க. ஒண்ணும் இல்லேன்னாலும் பண்ணி, ஒண்ணும் இல்லேன்னு சொல்லணும். ஒரு நாளைக்கு நாப்பது பேரு. பாதிப் பேரு எடுக்க மாட்டாங்க, எடுத்தா புருஷன் எடுப்பான், யாரு, எந்த ஆஸ்பத்திரி, எதுக்குப் போனான்னு ஆயிரம் கேள்வி. தொண்டை வறண்டு போயிடும். நான்தான் மீட்டிங்ல எந்திரிச்சு சொன்னேன், இது எதுக்கு வெட்டி வேலை, சந்தேகம் இருக்கிறவங்களுக்கு மட்டும் பண்ணுவோம், மத்தவங்ககிட்ட பத்து நாள்ல போன் வரலேன்னா நிம்மதியா இருங்கன்னு அங்கயே சொல்லிடலாம்னு. எல்லாரும் கை தட்டினாங்க. அந்த வருஷம் எனக்கு ஒரு கேடயம் கூடக் குடுத்தாங்க. வீட்ல டிவிக்கு மேல இருக்கு.

மேடம் மட்டும், சரி, அப்படின்னா தினம் எத்தனை பேருக்கு எடுத்தீங்கன்னு எனக்கு ஒரே ஒரு வரி மெசேஜ் போடுங்கன்னு சொன்னாங்க. கொஞ்ச நாள் போட்டேன். அப்புறம் விட்டுப் போச்சு. டிக்தான் இருக்கே, எண்ணிக்கை எதுக்கு? அதை விடு, அதுவா இப்ப விஷயம்.

விஷயம் அந்த வெள்ளிக்கிழமை. போன ஆனி மாசம், கடைசி வாரம். இப்ப நாம பஸ் ஏறினோமே, ஒத்தப்பனைப்பட்டி, அதே ஊருதான். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில வேனை நிறுத்தியிருந்தோம். காலையில முப்பத்தி ஒரு பேரு. நல்ல டவர், எடுக்க எடுக்கப் படம் ஏறிக்கிட்டே இருந்துச்சு. சாப்பாட்டு நேரத்துல நானே பாத்தேன். ஃபோல்டர் மேல பச்சை டிக்.

சாப்பிட்டு வந்து பாத்தா, வேன்ல லேப்டாப் மாட்டுற பிளக் பாயிண்ட் கருகிக் கிடக்குது. மெஷினுக்கு ஜெனரேட்டர் தனி, அதுக்கு ஒண்ணும் இல்ல. லேப்டாப்புக்கு மட்டும்தான் கரண்ட் இல்ல. சரி, பாட்டரியில ஓடட்டும்னு விட்டேன். இன்னும் ஏழு பேருதான் பாக்கி. ஏழு பேருக்கும் எடுத்தேன். கடைசியா வந்தவங்கதான் அந்த அக்கா. பேரு சீனியம்மாள். வயசு நாப்பத்தி நாலு.

கரிமூட்டத்துல வேலை அவங்களுக்கு. கருவேலமரத்தை வெட்டி மண்ணைப் போட்டு மூடி, கரியாக்குவாங்கள்ல, அது. வேலையில இருந்து நேரா ஓடி வந்திருக்காங்க. கை காலெல்லாம் கழுவியிருந்தாங்க, நகக்கண்ணுல மட்டும் கரி. மெஷினைத் தொடவே கூச்சப்பட்டாங்க. "வெள்ளை வெளேர்னு இருக்கே தாயி, ஒட்டிக்கிடுமே"ன்னாங்க. ஒட்டினா துடைச்சுக்கலாம்கா, வாங்கன்னேன். அந்த மெஷின் அழுத்தும்போது வலிக்கும்மா. பாதிப் பேரு கத்துவாங்க. இவங்க சிரிச்சாங்க. "மூட்டத்துல வேகாத உடம்பா, நீ அழுத்து தாயி"ன்னாங்க.

முதல் படம் வந்துச்சு. ரெண்டாவது வந்துச்சு. மூணாவது இடது பக்கம்.

அதுல வெள்ளையா ஒண்ணு இருந்துச்சும்மா.

சின்னதுதான். ஒரு உளுந்து அளவு. ஆனா ஓரம் வழுவழுன்னு இல்ல, சுத்தி முள்ளு முள்ளா இழுத்துக்கிட்டு நின்னுச்சு. பதினாலு வருஷமா படம் எடுக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆனா டெக்னீஷியன் வாயைத் திறக்கக் கூடாது. அது ரூல். நாம ஒண்ணு சொல்லி, டாக்டர் வேற ஒண்ணு சொன்னா, யாரு பதில் சொல்றது? ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டே கேட்டாங்க, "நல்லா இருக்கா தாயி?"ன்னு. நான் அவங்க முகத்தைப் பாக்காம நோட்டுல பேரு எழுதிக்கிட்டே சொன்னேன். டாக்டர் பாப்பாங்கக்கா, பத்து நாள்ல போன் வரலேன்னா ஒண்ணும் இல்லேன்னு நிம்மதியா இருங்கன்னு. எல்லாருக்கும் சொல்றதுதான். வாயில தானா வர்றதுதான்.

வெளிய டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு. நான் லேப்டாப்பைப் பாத்தேன். ஃபோல்டர் மேல பச்சை டிக். சத்தியமாச் சொல்றேன், பச்சை டிக். மூடினேன், பையில போட்டேன், கிளம்பிட்டோம்.

மறுநாள் சனிக்கிழமை. லேப்டாப் ஒரு மாசமாவே மாட்டு வண்டி கணக்கா ஓடுதுன்னு நானே புகார் குடுத்திருந்தேன். ஆபீஸ்ல ஜெயசிங்னு ஒரு ஆளு, கம்ப்யூட்டர் எல்லாம் அவருதான் பாக்குறாரு. காலையில வந்ததும் வராததுமா, "தவமணிக்கா, இதைச் சுத்தமா அழிச்சு புதுசாப் போட்டுத் தர்றேன், எல்லாம் மேல போயிடுச்சா?"ன்னு கேட்டாரு. போயிடுச்சுன்னேன். "பாத்தீங்களா?" "பாத்தேன்ப்பா, பச்சை டிக்." அவரு அழிச்சிட்டாரு. அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண?

பத்து நாள் நான் நாளை எண்ணினேன். உனக்குத் தெரியாது, ஒவ்வொரு நாளும் மேடத்துக்கிட்ட இருந்து பேரு வருதான்னு போனைப் போனைப் பாப்பேன். ஒத்தப்பனைப்பட்டியில இருந்து ரெண்டு பேரு வந்துச்சு. ரெண்டும் காலையில எடுத்தவங்க. சீனியம்மாள் பேரு இல்ல. பதினோராவது நாள் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. மேடம் பெரிய டாக்டர், நம்ம கண்ணுக்கு முள்ளாத் தெரிஞ்சது அவங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லாமப் போயிருக்கும்னு நினைச்சேன். அன்னிக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிட்டுப் போனேன்.

என்னம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லன்னு பாக்குறியா? கேக்கலாம்தான். ஆனா டெக்னீஷியன் போயி டாக்டர்கிட்ட, மேடம், அந்தப் படத்தை நல்லாப் பாத்தீங்களான்னு கேட்டா நல்லாவா இருக்கும்? அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாக்கணும்.

எட்டு மாசம் ஓடிப் போச்சு. போன வாரம் வருஷ அறிக்கை எழுதணும்னு ஆபீஸ்ல புதுசா வந்திருக்கிற பானுங்கிற பொண்ணு, என் நோட்டையும் மேடம் பாத்த பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எண்ணியிருக்கா. என் நோட்டுல ஆயிரத்து இருநூத்திப் பதினாலு. மேடம் பாத்தது ஆயிரத்து இருநூத்தி ஏழு. ஏழு குறையுது. எந்த ஏழுன்னு தேடினா, ஒரே ஊரு, ஒரே நாளு, சாப்பாட்டுக்கு அப்புறம்.

அவ என் மேசையில வந்து அந்தத் தாளை வெச்சா. ஏழு பேரு. கடைசிப் பேரைப் படிச்சேன். காது ரெண்டும் அடைச்சுப் போச்சும்மா. அவ ஏதோ பேசுறா, வாய் அசையுது, எனக்கு ஒண்ணும் கேக்கல.

ஜெயசிங் ரெண்டு நாள் மல்லுக் கட்டினாரு. கிளவுடுல குப்பைத்தொட்டி மாதிரி ஒண்ணு இருக்குமாமே, அதுல தேடினாரு. பழைய கணக்குல நுழைஞ்சு தேடினாரு. எங்கயும் இல்ல. வேன் மெஷின்ல இருக்காதான்னு கேட்டேன். மெஷின் முப்பது நாள் வெச்சிருக்கும், அப்புறம் தானா அழிச்சிடும். முப்பது நாளைக்குள்ள யாராவது எண்ணிப் பாத்திருந்தா எடுத்திருக்கலாமாம். யாரு எண்ணுறது? யாருக்கு நேரம் இருக்கு?

அப்புறம் அவரு வேற ஒரு லேப்டாப்பை எடுத்து, அதே மாதிரி பண்ணிக் காட்டினாரு. ஒயரைப் பிடுங்கிட்டு பாட்டரி இறங்குற வரைக்கும் காத்திருந்தாரு. இருபதுக்குக் கீழ வந்ததும், அதுவா சிக்கனம் பிடிக்க ஆரம்பிச்சிடுமாம். மேல ஏத்துறதை நிறுத்தி வெச்சிடுமாம். நிறுத்திட்டேன்னு ஒரு சத்தம் போடணுமா இல்லையா? கீழ வலது ஓரத்துல, கடிகாரத்துக்குப் பக்கத்துல, எறும்பு அளவுல ரெண்டு கோடு போடுது. அதையும் ஒரு சின்ன அம்புக்குறிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கான். ஆனா ஃபோல்டர் மேல? அங்க அதே பச்சை டிக். அது காலையில போட்ட டிக்காம். காலையில போனதுக்குப் போட்டது, மதியமும் அப்படியே நிக்குது. ஜெயசிங் ஏழு படத்தை உள்ள போட்டாரு, வெளிய டிக் அசையல. ரெஃப்ரெஷ்னு ஒரு பொத்தானை அமுக்கினாரு. டிக் போச்சு, ரெண்டு அம்பு வந்துச்சு. ஒரே ஒரு பொத்தான்மா!

என்னது? எப்பவும் அப்படி நடக்காதா? சில நேரம் அந்தப் படம் மாறாம நின்னுடுமா? உள்ள திறந்து ஒவ்வொண்ணாப் பாக்கணுமா? இல்லேன்னா அந்தப் பக்கம் வெப்சைட்ல போயி எத்தனை வந்திருக்குன்னு எண்ணிப் பாக்கணுமா? இதைத்தான் ஜெயசிங்கும் சொன்னாரு. எல்லாரும் இப்ப சொல்றீங்க. அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போயி அரை மணி நேரம் ஒயர்ல போட்டுத் திறந்து வெச்சிருந்தா தானா ஏறியிருக்குமாம். அதையும் அவரு சொன்னாரு. சொல்லாமலே இருந்திருக்கலாம். அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.

மேடம் போன் பண்ணாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டவே இல்ல, அதுதான் ரொம்பப் பயமா இருந்துச்சு. மெதுவாக் கேட்டாங்க. "தவமணி, அந்த ஏழு பேர்ல யாருடைய படமாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லை மேடம்னு சொல்லிட்டேன்.

ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலம்மா. வாயில வந்திடுச்சு. ஞாபகம் இருக்குன்னு சொன்னா அடுத்த கேள்வி வரும். ஏன் அப்பவே சொல்லலன்னு வரும். பதினாலு வருஷ வேலை. டிவிக்கு மேல கேடயம். நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப? சொல்லு பாப்போம்.

ஆறு பேருக்குப் போன் பண்ணி வரவெச்சோம். மறுபடி எடுத்தோம். ஆறு பேரும் நல்லா இருக்காங்க. ஆறாவது ஆளு ரிசல்ட் வந்தப்ப பானு கை தட்டினா, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்க்கான்னு. அந்த ஒண்ணு நம்பருக்குப் போட்டா, இந்த எண் உபயோகத்தில் இல்லைங்குது. பத்துத் தடவை போட்டேன். இருபது தடவை போட்டேன். அந்தப் பொம்பளைக் குரல் இன்னும் என் காதுக்குள்ளயே இருக்கு. அதான் நேர்லயே போயிடலாம்னு இன்னிக்குக் காலையில முதல் பஸ் பிடிச்சேன்.

வர்ற வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். ஊருக்குள்ள நுழையும்போது அந்த வீட்டு வாசல்ல பந்தல் கிந்தல் போட்டிருக்கக் கூடாது, சாமி, அதை மட்டும் நான் பாக்கக் கூடாதுன்னு. சீனியம்மாள் வீடு எதுன்னு ஒரு ஆள்கிட்ட கேட்டேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அந்தக் கொஞ்ச நேரத்துல நான் செத்துப் பொழைச்சேன். அப்புறம், எந்தச் சீனியம்மாள், கரிமூட்டத்துச் சீனியம்மாளா, அவ வேலைக்குல்ல போயிருப்பான்னாரு. வேலைக்குப் போயிருக்காங்கன்னு கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்திடுச்சு.

ஓடினேன். மூட்டத்துல புகை கண்ணைக் கட்டுது. அதுக்குள்ள இருந்து வந்தாங்க. ஆளு பாதியா இருந்தாங்க. என்னைப் பாத்ததும் அடையாளம் கண்டுக்கிட்டாங்க. "அடி ஆத்தி, வேன் டாக்டரம்மால்ல!"ன்னு கையைப் பிடிச்சாங்க. டாக்டர் இல்லக்கான்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டாங்க.

நம்பர் என்னாச்சுன்னு கேட்டேன். மக புது சிம்மு வாங்கிக் குடுத்திருக்கா. "நீ பத்து நாளுன்னு சொன்னியா, அது வரைக்கும் பழைய சிம்மைக் கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டேன் தாயி. மூட்டத்துக்குப் போகையிலகூட போனை முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தேன். பத்து நாள் போன் வரல. பதினோராம் நாள் காளியம்மனுக்குப் பொங்கல் வெச்சுப்புட்டுத்தான் சிம்மை மாத்துனேன்."

அவங்களும் பதினோராம் நாள்தாம்மா.

அப்புறம் சொன்னாங்க, சாதாரணமாச் சொன்னாங்க. கார்த்திகையில இருந்து இடது பக்கம் கைக்கு ஒரு கட்டி தட்டுதாம். வலி கிலி ஒண்ணும் இல்லையாம். நாத்தனா ஆஸ்பத்திரிக்குப் போவோம் வான்னு கூப்பிட்டிருக்கா. "நான்தான் தாயி அவளை ஏசி அனுப்பிச்சேன். அவ்வளவு பெரிய மெஷின்ல பாத்துப்புட்டு ஒண்ணும் இல்லேன்னு சொல்லியிருக்காங்க, உனக்கு என்னடி தெரியும்னு."

நாங்க யாரும் ஒண்ணும் இல்லேன்னு சொல்லலம்மா. போன் வரலேன்னாதானே... சரி விடு. அதை அங்க நின்னு விளக்கவா முடியும்?

என்ன சொன்னேன்னு கேக்குறியா? பயமுறுத்தக் கூடாதுல்ல. மெஷினைப் புதுசா மாத்தியிருக்கோம்கா, சில பேருக்கு மட்டும் மறுபடி ஒரு படம் எடுக்கிறோம், சும்மா ஒரு பார்வைதான்னு சொன்னேன். எவ்வளவு சந்தோசம் தெரியுமா அவங்களுக்கு? எங்களை எல்லாம் ஞாபகம் வெச்சுத் தேடி வந்திருக்கியேன்னு. ஓடிப்போயிக் குளிச்சு, இருக்கிறதுலயே நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கிட்டு வந்தாங்க. துணைக்கு மகளை வரச் சொல்லட்டுமான்னாங்க. எதுக்குக்கா பாவம், அவ வேலையைக் கெடுத்துக்கிட்டு, சாயங்காலம் திரும்பிடலாம்னு சொல்லிட்டேன். மக வந்தா ஆயிரம் கேள்வி கேப்பா. பத்தாவது படிச்சிருக்காளாம்.

இரு, அக்கா முன்னாடி இருந்து ஏதோ குடுத்து விடுறாங்க. வாங்கும்மா, வாங்கு. பனங்கிழங்கு. அவிச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க. "தலை சுத்துதுன்னு சொன்னியே, வெறும் வயித்துல இருக்காத தாயி"ங்கிறாங்க. இந்தா நீ சாப்பிடு. எனக்கு வேணாம். இல்ல, கையில வெச்சிருக்கேன், அவங்க திரும்பிப் பாத்தா சாப்பிடுற மாதிரி இருக்கணும். அந்த மஞ்சப்பையில மேடத்துக்கும் ஒரு கட்டு இருக்கு. இன்னிக்கு மேடமே மதுரைக்கு வந்திருக்காங்க. இவங்களுக்காகத்தான் வந்திருக்காங்க.

என்னம்மா, உண்மையைச் சொல்லிடுங்கன்னு லேசாச் சொல்லிட்ட. எப்படிச் சொல்றது? பஸ்ல வெச்சா? உங்க படம் போய்ச் சேரவே இல்லக்கா, ஒரு பொட்டு அளவு டிக்கை நம்பி நான் மூடி வெச்சிட்டேன்னா? எட்டு மாசம்க்கா, எட்டு மாசத்துக்கு முன்னாடியே என் கண்ணுல பட்டுச்சுக்கான்னா? அப்புறம் அந்த மனுஷி இதே கிழங்கை எனக்குக் குடுப்பாங்களா?

ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். படம் எடுக்கட்டும். மேடம் பக்குவமாச் சொல்லுவாங்க, அவங்க டாக்டர். அதுவரைக்குமாவது அவங்க நிம்மதியா வரட்டுமே. எனக்கு இருக்கிற பயத்துல பாதியை அவங்களுக்குக் குடுத்து என்ன ஆகப்போகுது?

எனக்கு ஆத்திரம் எல்லாம் அந்த டிக் மேலதான். ஒரு பொருளு பொய் சொல்லலாமாம்மா? போகலேன்னா போகலேன்னு சொல்லணும். தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லணும். எல்லாம் நல்லா இருக்குன்னு முகத்தை வெச்சுக்கிட்டு உள்ள ஒண்ணும் நடக்காம இருந்தா, நம்பினவங்க கதி என்ன? இதைச் செஞ்சவனை என் முன்னாடி கொண்டாந்து நிறுத்து, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்.

அய்யோ, ரிங் ரோடு வந்திடுச்சே. இன்னும் பத்து நிமிஷம்தான்.

ஷ்ஷ், அந்தப் பக்கம் பாக்காத. திரும்புறாங்க. கையில போன் வெச்சிருக்காங்க. என்னக்கா? பஸ் சத்தத்துல கேக்கல, சத்தமாச் சொல்லுங்க!

"மக போன் பண்றா தாயி! மதுரைக்கு எதுக்குப் போறேன்னு கத்துறா! கட்டி இருக்குல்ல, அதுக்கா கூட்டிட்டுப் போறாகன்னு கேக்குறா. என்னன்னு சொல்ல?"

ஒண்ணும் இல்லேன்னு சொல்லுங்கக்கா! எல்லாம் சரியா இருக்கு, சும்மாத்தான்னு சொல்லுங்க!

...சிரிக்கிறாங்க பாரு. போனை வெச்சிட்டாங்க.

ஏம்மா, நீ ஏன் என்னை அப்படிப் பாக்குற?